புது பேஸ்பால் க்ளவ் வாங்கினவங்களுக்கு

பையனுக்கு இந்த சீசனுக்கு நல்ல லெதர் க்ளவ் வாங்கியாச்சு, 11.5 இன்ச், ரெண்டாவது பேஸ்ல, அதாவது ஓடுறவங்க தொட வேண்டிய ரெண்டாவது இடத்துக்கிட்ட நிக்கிறவனுக்கு அது சரியான சைஸ், தூரத்துல நின்னு ஃபீல்டிங் பண்ற அவுட்ஃபீல்டுன்னா 12.5 பக்கம் போகணும். புதுசுல பலகை மாதிரி விறைப்பா இருக்கும், பசங்களால மூடவே முடியாது, பந்து பட்டு தெறிச்சு வெளிய போயிடும். தயவுசெஞ்சு யாரும் யூடியூப் பாத்துட்டு, க்ளவ்வ இளக்கறேன்னு மைக்ரோவேவ்ல, ஓவன்ல எல்லாம் வைக்காதீங்க, தோல் காஞ்சு வெடிச்சிடும், வார் எல்லாம் அறுந்துடும். எண்ணெயும் அப்படித்தான், நிறைய ஊத்தினா க்ளவ் கனமாகி தொளதொளன்னு ஆயிடும், துணில ரெண்டு சொட்டு தொட்டு லேசா தடவினா போதும்.

வில்சன்னு விளையாட்டு சாமான் செய்யற கம்பெனிக்கு க்ளவ் டிசைன் பண்ணின ஷிகெயாகி அசோன்னு ஒரு ஜப்பான்காரர், அவர் வெந்நீர் ஊத்தி மர சுத்தியலால தட்டித்தான் க்ளவ்வ பழக்குவாரு, எனக்கும் அதுதான் புடிச்சிருக்கு. கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் மடியுற இடத்த நல்லா முன்னும் பின்னும் வளைச்சு விடணும், அப்புறம் பந்து வந்து உக்கார்ற அந்தக் குழில தட்டிக்கிட்டே இருக்கணும். நிழல்ல காயட்டும். ராத்திரி உள்ள பந்த வச்சு கட்டி வைக்கலாம்.

ஆனா இதெல்லாம் பாதிதான், கேட்ச் புடிக்கப் புடிக்கத்தான் அந்தக் கைக்குன்னு அது வளையும், அதனால க்ளவ்வ வேற யார் கைக்கும் குடுக்க வேணாம்னு சொல்லிட்டேன். நியூ ஜெர்சில நம்ம பக்கம் இருக்கறவங்க சனிக்கிழமை காலைல பசங்கள பார்க்குக்கு கூட்டிட்டு வாங்க, சேர்ந்து கேட்ச் போடட்டும்.