ஜூனியர் ஹாக்கியிலிருந்து சீனியருக்கு: சேலத்துப் பிள்ளைகள் எப்போது கிளம்பலாம்?

17 வயதில் ஒரு சீனியர் அணி கூப்பிட்டால் போகலாமா? சேலம், ஏற்காடு பக்கம் ஹாக்கி ஆடும் பிள்ளைகளின் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. வயதை விடுங்கள். களத்தில் எத்தனை நிமிடம் தருவார்கள் என்று அந்த அணியின் கோச்சிடம் நேராகக் கேளுங்கள்.

ஆட்டம் 15 நிமிடம் வீதம் 4 குவார்ட்டர். ஆளை எத்தனை முறையும் மாற்றலாம் என்பதால், ஒரு ஃபார்வர்ட் 35, 40 நிமிடம் ஆடினாலே அது நிறைவான ஆட்டம். 5 நிமிடம் இறக்கிவிட்டு மீதி நேரம் பெஞ்சில் உட்கார வைப்பார்கள் என்றால், ஜூனியரிலேயே முழு நேரம் ஆடி, பெனால்டி கார்னரும் (கோல் அருகே நடக்கும் தவறுக்குக் கிடைக்கும் வாய்ப்பு) எடுப்பதே மேல். நெருக்கடியில் பந்தை யாருக்குத் தள்ளுவது என்ற முடிவு ஆடி ஆடித்தான் கைவரும். அரை சீசன் போயும் ஆட்டத்துக்கு 15 நிமிடம் தேறவில்லையா, தயங்காமல் ஜூனியருக்குத் திரும்புங்கள். அதில் அவமானம் ஏதும் இல்லை. சர்வதேச ஜூனியர் வரம்பே 21 வயது.

அடுத்தது தரை. மண் மைதானத்தில் பந்து துள்ளும். நிமிர்ந்து நின்று ஆடிப் பழகிவிடுவோம். தண்ணீர் தெளித்த டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், பந்து தாழ்வாக, வேகமாக வரும். முழங்கால் மடக்கி, ஸ்டிக்கைத் தரையோடு சாய்த்துப் பிடிக்காவிட்டால் முதல் ரிசீவிங்கிலேயே பந்து காலில் படும். ட்ரையல்ஸில் (அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வில்) நம் பிள்ளைகள் கழிவது பெரும்பாலும் இங்கேதான், திறமை இல்லாமல் அல்ல. ட்ரையல்ஸுக்கு முன் 6 வாரமாவது, வாரம் 3 நாள் டர்ஃபில் ஆடும் வழியைத் தேடுங்கள்.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு மூச்சு நன்றாக இருக்கும். ஆனால் ஹாக்கியில் தேவைப்படுவது 20, 30 மீட்டர் பாய்ச்சல், சட்டென்று நிற்பது, மறுபடி பாய்வது. மலைப்பாதையில் மேலே ஓடுங்கள், இறங்கும்போது பஸ்ஸில் வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் ஓடியே இறங்கினால் முழங்கால்தான் அடிவாங்கும். பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்துச் சுழற்றி வீசும் டிராக் ஃப்ளிக்கைப் பழகுபவர்களுக்கு அடிவாங்குவது இடுப்பு. வளரும் வயதில் ஒரு நாளைக்கு 30 ஃப்ளிக் போதும், மறுநாள் ஓய்வு. கீழ்முதுகு வலியோடு சீனியர் அணிக்குப் போகவே கூடாது.

ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியபோது 24 பேர் கொண்ட ஒவ்வொரு அணியிலும் 4 ஜூனியர் வீரர்கள் கட்டாயம் என்று வைத்தார்கள். 2025 ஜனவரியில் பெண்களுக்கும் லீக் வந்தது. மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் அந்த சீசன் சில வாரங்களில் முடிந்துவிடும். மீதி மாதங்களுக்குச் சோறு போடுவது ரயில்வே, வங்கி, போலீஸ் போன்ற டிபார்ட்மென்ட் அணிகள். ஆகவே நம் பிள்ளைக்கு உண்மையான தாவல் டிபார்ட்மென்ட் அணிதான். அதற்கு முன் ஸ்டைபெண்ட் தரும் அணி கிடைத்தால் நல்லது. எத்தனை வருட ஒப்பந்தம், காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

விளையாட்டு வீரர்களுக்கு வேலை ஒதுக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பலர் கோட்டைவிடுவது சான்றிதழின் காலத்தில். ரயில்வேயில் வயது 18 முதல் 25; பழைய சாதனையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அண்மைய ஆண்டுகளில் ஆடியதையே பார்ப்பார்கள். 17-இல் வாங்கிய தேசியச் சான்றிதழை வைத்துக்கொண்டு 22 வரை காத்திருந்தால் அது வெறும் காகிதம். பிளஸ் டூவை மட்டும் எக்காரணம் கொண்டும் பாதியில் விடாதீர்கள். பொதுத்தேர்வு வரை ஜூனியரில் ஆடுங்கள். கல்லூரியில் சேர்ந்து பல்கலைக்கழக அணிக்கு ஆடிக்கொண்டே 19, 20-இல் சீனியருக்குப் போவது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், மார்க் ஷீட், ஹாக்கி இந்தியா பதிவு நான்கிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், ட்ரையல்ஸ் அறிவிப்போ சில நாள் முன்புதான் வரும்.