ஊட்டிக்குப் போனால் டயர் காற்று கூடுமா, குறையுமா?

கோவையிலிருந்து சைக்கிளைக் காரில் ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது இதுதான்: கீழேயே காற்று அடித்துவிட்டு வரலாமா, மேலே வந்து அடிக்க வேண்டுமா? கணக்குப் போட்டால் விடை கொஞ்சம் வேடிக்கையானது.

கோவை கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 411 மீட்டர். ஊட்டி 2,240. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதைவிட ஏறக்குறைய 2.8 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைவு. கேஜ், அதாவது அழுத்தம் பார்க்கும் கருவி, காட்டுவது டயருக்கு உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. அப்படிப் பார்த்தால் கீழே 25-க்கு அடித்த டயர் மேலே 28-ஐத் தொட வேண்டும். ஆனால் 32 டிகிரி வெக்கையில் அடித்த காற்று, அதிகாலை 14 டிகிரி குளிரில் சுருங்குமே! அதில் 2.3 போய்விடும். வரவும் செலவும் நேராகி, கூடுதலாக மிஞ்சுவது அரை பி.எஸ்.ஐ. அப்புறம் வெயில் ஏறி டயர் சூடானால் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 1.3 வீதம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே கீழேயே அடித்துக்கொண்டு போகலாம், மேலே இறங்கியதும் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

பார்ப்பது எதனால் என்பதுதான் முக்கியம். வீட்டில் வைத்திருக்கும் ஸ்டாண்ட் பம்பில் 160 வரை போகும் முள் இருக்கும். நமக்கு வேண்டிய 20-க்கும் 30-க்கும் நடுவே அதில் சுண்டுவிரல் அகலம்கூடக் கிடையாது, இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. தப்பினால் தெரியாது. அதோடு பம்பின் குழாயை மாட்டியதுமே டயரிலிருந்து கொஞ்சம் காற்று குழாய்க்குள் புகுந்துவிடும். முள் காட்டுவது குறைந்த பிறகு உள்ள அளவு. சின்ன டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கி, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். அது ஒரு பி.எஸ்.ஐ. தப்பாகக் காட்டினாலும் தினமும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டும், அதுவே போதும். நண்பருடைய கேஜில் வரும் எண்ணை உங்கள் கேஜில் தேடாதீர்கள்.

பஞ்சர் கடை கம்ப்ரெசரிடம் மட்டும் போக வேண்டாம். எங்கள் தெருமுனைக் கடை அண்ணன், "டயரு கல்லாட்டம் இருக்கோணுங்க, அப்பத்தான் சைக்கிள் ஓடும்" என்று சொல்லி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் இன்னொரு அழுத்து அழுத்திவிடுவார். தார் ரோட்டில் அவர் சொல்வது ஓரளவு சரிதான். எஸ்டேட் பாதையில் அப்படியே தலைகீழ். இறுகிய டயர் ஒவ்வொரு ஜல்லியிலும் எகிறும், ஒவ்வொரு எகிறலிலும் நம்மையும் சேர்த்துத் தூக்கிப் போடும். நாம் மிதித்த மிதியெல்லாம் முன்னே போகாமல் மேலே போகிறது. காற்றைக் குறைத்தால் டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு உருளும். கரடுமுரடில் மெத்தென்ற டயர்தான் வேகம். இதைப் பலர் நம்புவதில்லை. ஒரே பாதையை இரண்டு விதமாக ஓட்டிப் பார்த்தால் கை மணிக்கட்டே சொல்லிவிடும்.

என் எடை 62 கிலோ, டயர் 29-க்கு 2.25 அங்குலம், உள்ளே டியூப். தார் ரோட்டுக்கு முன்னால் 33, பின்னால் 36. தேயிலைத் தோட்டத்து மண் பாதைக்கு 22, 25. உட்கார்ந்து ஓட்டும்போது எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் விழுவதால்தான் அந்த மூன்று பி.எஸ்.ஐ. வித்தியாசம். நீங்கள் 80 கிலோ என்றால் நாலைந்து கூட்டியே ஆரம்பியுங்கள். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் மேல்வரம்பு, அவ்வளவு அடிக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை.

தைல மரத்தடியில் சருகு நனைந்து கிடக்கும் இடங்களும், வேர் குறுக்கே ஓடும் இடங்களும் முன்சக்கரத்தை வாரிவிடும். அங்கே முன்னால் இன்னும் ஒன்று குறைப்பேன். கூரான கல் நட்ட பாதை வேறு கதை. பிடிப்புக்குக் காற்று குறைய வேண்டும், ஆனால் டியூப் இருக்கும்போது ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த தடம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதனால் அங்கே பின்சக்கரத்துக்கு இரண்டு கூட்டுவேன். ஒட்டுகிற செம்மண் சேற்றில் என்ன எண் வைத்தாலும் பெரிய பலன் இல்லை, டயரில் துருத்தி நிற்கும் பட்டன்களின் இடைவெளி சேற்றால் நிரம்பிவிடும்; இறங்கித் தள்ளுங்கள்.

காற்றை இறக்குவது எளிது. பிரெஸ்டா வால்வு (நுனியில் திருகு உள்ள மெல்லிய வால்வு) என்றால் நுனித் திருகைத் தளர்த்தி, ஊசியைச் சட்டென்று ஒரு தட்டுத் தட்ட வேண்டும், 'புஸ்' என்ற சத்தம் வந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். ஏற்றுவதுதான் பாடு. என் கைப்பம்பில் ஒரு பி.எஸ்.ஐ. ஏற ஏழெட்டு அடி ஆகிறது. பத்து ஏற்றுவதற்குள் தோள் கழன்றுவிடும். அதனால் முதலில் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொண்டு, பாதையில் போய்ப் பார்த்துக் குறைப்பது என் வழக்கம்.

போதுமா என்று கண்டுபிடிக்க வளைவு ஒன்று போதும். திரும்பும்போது டயர் பக்கவாட்டில் நெளிந்து, சைக்கிள் நாம் நினைத்ததற்கு அரைநொடி கழித்துத் திரும்பினால் குறைந்துவிட்டது. கல்லில் ஏறும்போது ரிம்மில் 'டொக்' கேட்டாலும் அதேதான், உடனே இரண்டு ஏற்றுங்கள். முன்சக்கரம் சின்னக் கல்லுக்கெல்லாம் விலகி ஓடினால் இன்னும் அதிகம் இருக்கிறது.

டியூப்லெஸ் போட்டால் இன்னும் மூன்று குறைக்கலாம் என்கிறார்கள். உண்மைதான், நசுங்க டியூப் இல்லையே. ஆனால் கோவை வெக்கையில், ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். சைக்கிளை வாரக் கணக்கில் நிறுத்தி வைக்கிற எனக்கு இப்போதைக்கு டியூப்பே சரி.