பக்கத்துக் கட்டில் அக்கா

மகனுக்கு டெங்கு என்று மட்டக்களப்பில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்றும் தாயும். அந்த அக்கா பிள்ளையை விட்டு அசைய மாட்டார், மருந்துப் பெயரெல்லாம் மனப்பாடம், கொழும்பு கண்டி என்று ஒரு பை நிறையக் கிளினிக் கொப்பிகள். எனக்கோ வெட்கமாகக்கூட இருந்தது, நானெல்லாம் என்ன தாய் என்று.

ஒருநாள் டொக்டர் "ரிப்போட் எல்லாம் நல்லா இருக்கு, நாளைக்குத் துண்டு வெட்டுவம்" என்றார். நானென்றால் வீட்டுக்குப் போகலாமென்று துள்ளியிருப்பேன். அக்காவின் முகம் கறுத்துப்போனது. அன்றிரவே பிள்ளைக்குக் காய்ச்சல் 103. விடியக்காலையில் மிஸ்ஸி தேமோமீட்டரைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்ப, அது அக்காவின் பிளேன்டிக் கோப்பைக்குள் போய்வந்ததை நான் படுத்தபடியே கண்டேன்.

பிள்ளைக்கு இல்லாத வருத்தத்தைத் தாயே உண்டாக்கிக் காட்டுவது என்று ஒன்று இருக்கிறதென்று அப்புறம்தான் வாசித்தேன். 1977இல் ரோய் மெடோ என்ற இங்கிலாந்துக் குழந்தை வைத்தியர் எழுதியது: ஒரு தாய் பிள்ளையின் சிறுநீரில் தன் இரத்தத்தைக் கலந்து கொடுத்திருக்கிறாள், இன்னொருத்தி பிள்ளைக்கு உப்பை ஊட்டியே சாகடித்திருக்கிறாள். இதை இப்போது மருத்துவச் சிறுவர் துஷ்பிரயோகம் என்கிறார்கள். பொய் சொல்வது தாய், ஆனால் அதை நம்பி ஊசி ஏற்றுவதும் ஸ்கேன் எடுப்பதும் வயிற்றைக் கீறுவதும் வைத்தியர்கள்தானே.

பயந்த தாய்மார் எல்லோரும் இப்படியில்லை, நானும் மூன்று டொக்டரிடம் ஓடியவள்தான். பயந்தவளுக்கு "ஒன்றுமில்லை" என்றால் உயிர் வரும், இவர்களுக்கு அதுதான் இடி. வருத்தம் தாய் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வரும், சொல்லும் கதைக்கும் ரிப்போட்டுக்கும் பொருந்தாது. ஆனாலும் வாயை அடக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் தானாகச் சாவது மிக அபூர்வம் என்று இதே மெடோ நீதிமன்றத்தில் சொன்ன பிழையான கணக்கும் சேர்ந்து 1999இல் ஒரு தாய் பிள்ளைகளைக் கொன்றவள் என்று சிறைக்குப் போனாள், 2003இல்தான் விடுதலை.

அதனால் அக்காவிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை, கண்டதை மட்டும் மிஸ்ஸியிடம் சொன்னேன். (வீட்டுப் பக்கம் கண்டால் 1929க்கு எடுக்கலாம், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை.) அடுத்தமுறை மிஸ்ஸி தேமோமீட்டரைக் கையில் பிடித்தபடியே நின்றார். காய்ச்சல் இல்லை.

எங்களுக்குத் துண்டு வெட்டிய அன்று, ஜீவனிக் கரைசல் குடித்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்து அந்தப் பிள்ளை கேட்டது, "உங்களுக்குச் சுகமாகிட்டா? எனக்குச் சுகமாகாதாம், அம்மா சொன்ன."