மகளுக்கு ஒரு பெயர், சான்றிதழுக்கு நான்கு அலைச்சல்

நேற்றுதான் திருத்திய பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தது. மகளுக்கு இப்போது எட்டு மாதம். பெயரை முடிவு செய்ய மூன்று மாதமும், அதைக் காகிதத்தில் பிழையில்லாமல் ஏற்ற மூன்று மாதத்துக்கு மேலும் ஆயிற்று. இன்னொருவர் இப்படி அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பெண் பிறந்தால் பெயர் தமிழில் இருக்க வேண்டும், கூப்பிட இனிமையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு முன்பே தெளிவு. கணவருக்கும் சம்மதம். குழந்தை பிறந்தது தை மாதம், பூர நட்சத்திரம். மூன்றாம் நாளே அத்தை ஜோசியரிடம் போய் ஒரு சீட்டு வாங்கி வந்துவிட்டார். அதில் நான்கு எழுத்து: மோ, டா, டி, டு. தமிழில் எந்தச் சொல்லும் டகரத்தில் தொடங்காது. மிச்சம் இருப்பது மோ. மோகனா, மோனிஷா, மோக்‌ஷிதா என்று கொழுந்தனார் போனில் வரிசையாக வாசிக்க ஆரம்பித்தார். எண் கணிதப்படி மோகனாவுக்குக் கடைசியில் இன்னொரு 'ஏ' சேர்த்தால் யோகம் என்று வேறு ஒருவர் சொன்னாராம். பச்சை உடம்போடு படுத்திருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்த பெயர்கள் வேறு. முதலில் யாழினி. பிடித்த பெயர்தான், ஆனால் பிரசவ வார்டிலேயே பக்கத்துக் கட்டிலில் ஒரு யாழினி, எங்கள் தெருவில் இன்னொரு யாழினி. அதோடு எங்கள் பக்கம் வாழைப்பழம் என்பதே வாளப்பளம்தான். 'யாளினி, யாளினி' என்று வாழ்நாள் முழுக்கக் கேட்க என்னால் முடியாது. அதே காரணத்தால் பூங்குழலியும் போயிற்று. ழகரம் நம் மொழியின் அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தினமும் கூப்பிடப் போகிறவர்கள் வாயில் அது வருகிறதா என்று பார்க்காமல் பெயரில் வைக்காதீர்கள். ஆதிரை என்று ஒன்று வைத்திருந்தேன். பூரத்தில் பிறந்தவளுக்குத் திருவாதிரையின் பெயரா என்று அத்தை கேட்டார். அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. நச்செள்ளை என்ற சங்கப் புலவரின் பெயரை ஆசையாகச் சொன்னேன். வீட்டில் ஒருவருக்கும் ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை.

இணையத்தில் 'தூய தமிழ்ப் பெயர்கள்' என்று கிடைக்கும் பட்டியல்களை நம்பி இறங்காதீர்கள். நான் பார்த்தவற்றில் பாதி வடமொழி. மிச்சத்தில் பல, ஏதாவது ஒரு சொல்லோடு 'இனி'யை ஒட்டி யாரோ செய்தவை. பொருள் என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் 'அழகானவள்' என்றுதான். ஒரு நல்ல அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வழி பிறந்தது என் அம்மாவால். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, குழந்தையைக் காலில் போட்டுத் துவட்டிக்கொண்டே, "பூரம்னா ஆண்டாள் நட்சத்திரமாச்சே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆண்டாள் ஆடிப் பூரத்தில் தோன்றியவள். பெரியாழ்வார் அவளுக்கு இட்ட பெயர் கோதை. அது மோவிலும் தொடங்கவில்லை, டாவிலும் தொடங்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இத்தனை பக்கத்தில் இருந்த பெயரை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடியிருக்கிறோம்.

அத்தையிடம் அதையே கேட்டேன். "அத்தை, ஆண்டாளுக்கே எழுத்துப் பார்க்கலையே?" அவர் வாய் திறக்காமல் சீட்டை மடித்துப் பூஜை அலமாரியில் வைத்தார். மறுநாள் காலையில் அவரே தொட்டில் பக்கம் போய் "கோதை... கோதாய்" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் 'கோதாய்' என்னை என்னவோ செய்துவிட்டது. பாவை என்பது கூப்பிடும்போது பாவாய் ஆகிற மாதிரி, ஐயில் முடிகிற பெயர் ஆய் என்று நீளும். பள்ளிக்கூடத்தில் விளி வேற்றுமை என்று மனப்பாடம் செய்தது, அவர் வாயில் தானாக வந்தது.

கொழுந்தனாருக்கு மட்டும் ஒரு குறை. ககரமும் தகரமும் வல்லினம், பெண் குழந்தைக்கு மெல்லினமும் இடையினமுமாக வைத்தால்தானே இசையாக இருக்கும் என்றார். காகிதத்தில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டு உயிருக்கு நடுவில் வரும்போது நம் தகரம் இளகிவிடும். தந்தையில் வரும் முதல் த மாதிரி அழுத்தமாக ஒலிக்காது. அதைவிட முக்கியம், முதல் எழுத்து நெடில். தெருமுனையிலிருந்து கூப்பிட்டாலும் 'கோ' என்று இழுத்துக் கூப்பிடலாம். கோதை என்றால் பூமாலை, பெண்ணின் கூந்தல் என்ற பொருளும் உண்டு. நான் சொல்வது ஒன்றுதான்: பெயரை எழுதிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுப்படியிலிருந்து வாசலுக்குச் சத்தமாகக் கூப்பிடுங்கள், தூங்க வைக்கிற குரலில் கூப்பிடுங்கள், கோபத்திலும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். மூன்றிலும் நன்றாக இருந்தால் வையுங்கள்.

மூன்றாம் மாதம் பெயர் சூட்டினோம். நாத்தனார் காதில் மூன்று முறை சொன்னார். நல்லபடியாக முடிந்தது.

சோதனை அதற்குப் பிறகுதான். பிரசவம் தாய்வீட்டில், விருதுநகர் மாவட்டத்து நகராட்சி ஒன்றில். நாங்கள் வசிப்பது கோவை. ஐந்தாம் மாதம் கோவை திரும்பிய பிறகுதான் சான்றிதழ் நினைவே வந்தது. ஆஸ்பத்திரியில் பதிந்தபோது பெயர் இல்லாததால் அந்த இடம் காலியாகவே இருந்தது. கணவர் அரைநாள் விடுப்புப் போட்டு, எங்கள் வீட்டுப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனார். பிறந்த இடத்தில் பதிவானதை அங்கேதான் மாற்ற முடியும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. முதல் அலைச்சல் எங்கள் தவறு. தாய்வீட்டில் பிரசவம் என்றால் கிளம்புவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இரண்டாவது அலைச்சல் அப்படியில்லை. ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் நின்றவரிடம், அந்த நகராட்சியின் எழுத்தர், "ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு, நோட்டரி கிட்ட அபிடவிட் வாங்கிட்டு வாங்க" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். அவரும் நம்பித் திரும்பிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை, இரவில் உட்கார்ந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பிரிவு 14. பெயர் இல்லாமல் பதிவான குழந்தைக்குப் பெற்றோர் பிறகு வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ பெயரைத் தெரிவிக்கலாம். விதிகளின்படி, பதிவு செய்த 12 மாதத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. அதற்குப் பிறகுதான் தாமதக் கட்டணம், அதுவும் 15 ஆண்டு வரை. நோட்டரி எங்கேயும் வரவில்லை.

மூன்றாவது முறை குழந்தையோடு நானே போனேன். அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேசைமேல் வைத்து, "சார், இதுல பன்னிரண்டு மாசம்னு இருக்கு, எனக்கு ஏழு மாசம்தான் ஆகுது" என்றேன். சத்தம் போடவில்லை. அவர் வாசித்துவிட்டு, பெற்றோர் ஆதார் நகலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் மட்டும் வாங்கிக்கொண்டு, படிவத்தை நீட்டினார். தமிழில் கோதை என்று பெரிதாக எழுதினேன். ஆங்கிலத்தில் 'டிஹெச்' போட்டு எழுதினேன், 'டிஹெச்'சில் இருக்கிற முதல் எழுத்தை 'டி ஃபார் டைகர்' என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது, 'டி ஃபார் டாக்' என்று வாயாலும் சொன்னேன். தட்டியதைத் திரையில் பார்க்கலாமா என்று கேட்டேன். "எல்லாம் சரியாத்தான்மா போட்டிருக்கேன், ரெண்டு நாள்ல ஆன்லைன்ல எடுத்துக்கோங்க" என்றார். குழந்தை அழுதுகொண்டிருந்தாள். வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு, பதிவு எண்ணைப் போட்டுச் சான்றிதழைப் போனில் இறக்கினோம். ஆங்கிலம் சரியாக இருந்தது. அவர் "அப்பாடா" என்றார். நான் தமிழ் வரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'கொதை' என்று இருந்தது. இரட்டைக்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்: "கொ... தை." நெடில் போனால் அந்தப் பெயரில் கூப்பிடுவதற்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஒருமுறை ஏற்றிய பெயரை வேறு பெயராக மாற்றித் தர மாட்டார்கள், அதனால் பயந்துபோனேன். ஆனால் எழுத்துப் பிழையைத் திருத்த அதே சட்டத்தில் பிரிவு 15 இருக்கிறது. பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதுவார்கள். என்னைக் காப்பாற்றியது, நிரப்பிய படிவத்தைக் கொடுப்பதற்கு முன் போனில் எடுத்து வைத்திருந்த படம். நான்காவது முறை போனபோது அந்த இருக்கையில் இருந்தவர் ஒரு பெண்மணி. படத்தையும் அலுவலகக் கோப்பில் இருந்த படிவத்தையும் ஒத்துப்பார்த்தார். "இது எங்க பிழைதான்மா, நீங்க அபிடவிட் எதுவும் தர வேண்டாம்" என்றார். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும்போது 'ஓ'வை ஒருமுறை தட்டினால் குறில்தான் விழும், பலருக்கு இப்படி ஆகியிருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, "நீங்களே பாருங்க" என்றார். கோதை. இரட்டைக்கொம்பு, த, ஐகாரக் கொம்பு. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

ஆகவே உங்கள் குழந்தையின் பெயரில் கோ, தே, மே, யோ என்று நெடில் கொம்பு வந்தால், திரையைப் பார்க்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள், பிள்ளை அழுதாலும் பரவாயில்லை. ஆங்கில வரியை எல்லாரும் பார்த்துவிடுவார்கள். தமிழ் வரியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அடுத்த வாரம் ஆதார் எடுக்கப் போகிறோம். அங்கேயும் அந்தத் தமிழ் வரியை நான்தான் பார்ப்பேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.