இடது சக்கரம் மட்டும் ஏன் சுடுது?

மச்சினன் வீட்டு விசேஷத்துக்காகப் போன மாதம் தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்குக் காரில் கிளம்பினோம். வாகைக்குளம் தாண்டியதுமே வீட்டுக்காரி மூக்கைச் சுளித்தாள். "ஏதோ தீயுற வாடை வருதே?" முன்னால் போகிற லாரியாக இருக்கும் என்று சமாளித்தேன். லாரியை முந்திவிட்டேன். வாடை கூடவே வந்தது. பிரேக்கை மிதித்து விட்டால் வண்டி லேசாக இடது பக்கம் சாய்ந்து ஓடுவதையும் அப்போதுதான் கவனித்தேன்.

போய் இறங்கியதும் குனிந்து பார்த்தால், முன்பக்க இடது சக்கரத்திலிருந்து அனல் அடிக்கிறது. வலது பக்கம் அப்படி இல்லை. கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் டேஷ்போர்டுக்குள் கிடந்தது. அதை எடுத்து நீட்டினால் எண் காட்டாமல் கீச்சிட்டது. பாவம், காய்ச்சல் பார்ப்பதற்கு மேல் அதற்குத் தெரியாது. விரலைத் தண்ணீரில் நனைத்து, ரிம் ஓட்டை வழியாக டிஸ்க் (சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் தட்டு) மேல் நாலு சொட்டு தெறித்தேன். இடதில் சுர்ரென்று ஆவியானது, வலதில் ஈரமாகவே நின்றது. (பாட்டிலையே கவிழ்த்துவிடாதீர்கள். கொதிக்கிற டிஸ்க் கோணிக்கொள்ளலாம்.)

நன்றாக ஆறவிட்டு, ராத்திரி மெதுவாக ஓட்டி வந்து சேர்ந்தோம். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றாமலேயே, "ரெண்டு கேலிப்பரையும் மாத்தணும் சார், 11,000 ஆகும்" என்றார்கள். கேலிப்பர் என்பது டிஸ்க்கைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் பாகம். எங்கள் தெருவில் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், முப்பது வருஷம் லாரிக்கு மெக்கானிக்காக இருந்தவர். அவரிடம் சொன்னேன். "கழத்திப் பாக்காம எப்படிச் சொன்னான்? ஞாயித்துக்கிழமை காலையில வாரேன் தம்பி" என்றார்.

வரும்போது கையில் இரும்பு ஸ்டாண்டு ஒன்றையும் கொண்டு வந்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்ய அவர் விடமாட்டார். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, முதலில் நல்ல பக்கத்தைத்தான் தூக்கச் சொன்னார். எது சரி என்று கைக்குத் தெரிந்தால்தானே தப்பு தெரியும். வலது சக்கரத்தைச் சுண்டினேன். மெல்லிய உரசல் சத்தத்தோடு ஒரு சுற்று சுற்றி நின்றது. அந்த அளவு உரசல் இருக்கத்தான் செய்யும். இடது சக்கரம் கால் சுற்றுகூட வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டியிருந்தது.

இப்படிப் பிடித்துக்கொண்டால் மூன்று பேர் மேல் சந்தேகம் வரும். பிரேக் ஆயிலைக் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ், அந்த ஆயில் தள்ளும் பிஸ்டன், கேலிப்பர் வழுக்கி ஓடும் பின். ஹோஸ் உள்ளுக்குள் ஊறி அடைத்துக்கொண்டால் ஆயில் போகும், திரும்பி வராது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வீட்டுக்காரியை ஒருமுறை பிரேக்கை மிதித்து விடச் சொல்லி, கேலிப்பரில் ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகான பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறந்தார் அண்ணாச்சி. அடைபட்ட அழுத்தம் என்றால் அந்த நிமிஷமே டிஸ்க் லேசாகிவிட வேண்டும். கொஞ்சம் ஆயில் கசிந்தது, பிடி அப்படியே இருந்தது. ஹோஸ் தப்பித்தது.

அடுத்து 14ஆம் நம்பர் ஸ்பேனர் போட்டுக் கீழ் போல்ட்டைக் கழற்றிக் கேலிப்பரை மேலே தூக்கினோம். டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தித் தேயும் பேடுகளை எடுத்து வெயிலில் வைத்ததுமே பாதிக் கதை புரிந்துவிட்டது. வெளிப்பக்க பேடில் 7 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது. உள்பக்க பேடில் 3கூட இல்லை, அதுவும் ஒரு முனை அதிகமாகத் தேய்ந்து ஆப்பு மாதிரி நிற்கிறது. எங்கள் வண்டியில் கேலிப்பருக்கு ஒரே பிஸ்டன்தான். அது உள்பக்க பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் கேலிப்பர் மொத்தமும் இரண்டு பின்கள் மேல் வழுக்கி வந்து வெளிப்பக்க பேடை இழுக்கும். பின் வழுக்காவிட்டால் உள்பக்க பேடே முழு வேலையையும் பார்க்கும், பிரேக்கை விட்ட பிறகும் உரசிக்கொண்டே கிடக்கும்.

மேல் பின் விரலால் தள்ளினாலே போய் வந்தது. கீழ் பின்னை பிளையரால் பிடித்துத் திருகித் திருகி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது கிணற்றில் கிடந்த ஆணி மாதிரி இருந்தது. அதன் ரப்பர் உறையில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். அந்த வழியாக எங்கள் ஊர் உப்புக்காற்று எத்தனை நாளாகப் போய்வந்ததோ.

பிஸ்டனையும் விட்டுவைக்கவில்லை. பழைய பேடை மேலே வைத்து சி-கிளாம்ப்பால் மெதுவாக அழுத்தினால் ஒரே சீராக உள்ளே போனது. கசிவும் இல்லை, தூசி ரப்பரும் முழுசு. அப்படி அழுத்தும்போது மேலே ஆயில் டப்பா நிரம்பி வழியும், பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். பானெட் ஓரத்தில் எட்டணா அகலத்துக்கு இப்போது ஒரு தழும்பு.

பின் கிட்டும் முன்பக்கத்துக்கு ஒரு செட் பேடும் வாங்கி வந்தேன். சாதாரண கிரீஸ் டப்பாவைத் திறந்தபோது அண்ணாச்சி கையைத் தட்டிவிட்டார். பெட்ரோலியம் கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் உப்பி மறுபடியும் பிடித்துக்கொள்ளுமாம். சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். வலது பக்கத்தையும் பிரித்தோம். பின்கள் காய்ந்திருந்தன, ஆனால் ஓடின. துடைத்து கிரீஸ் போட்டதோடு சரி.

எல்லாம் மாட்டியதும் உற்சாகத்தில் சாவியைத் திருகப் போனேன். "பெடல மிதிச்சுப் பாரு முதல்ல!" மிதித்தால் கால் தரை வரைக்கும் போகிறது. பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டால் அப்படித்தான் இருக்குமாம். ஏழெட்டுத் தடவை மிதித்த பிறகுதான் கெட்டியானது. இதை மறந்து தெருவில் இறங்கியிருந்தால் எதிர்வீட்டுச் சுவரில் போய்த்தான் நின்றிருப்பேன்.

பிரேக் ஆயிலையும் அடுத்த வாரம் மாற்றினேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, ஐந்து வருஷமாகக் கிடந்து கடுங்காப்பி நிறத்தில் வந்தது. காற்றிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினால் 155லேயே கொதிக்கலாம்.

போன சனிக்கிழமை மறுபடியும் பாளையங்கோட்டை. வாகைக்குளம் வந்ததும் வீட்டுக்காரி கண்ணாடியை இறக்கி மோந்து பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை. "இப்ப நெசமாவே லாரிதான்" என்றாள்.