சி படிவமும் என் கையெழுத்தும்

நாள் தள்ளிப்போன ஒன்பதாம் நாள் கார்டில் இரண்டு கோடு விழுந்தது. சின்னவளுக்கு அப்போது பதினோரு மாதம், தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிரசவமும் சிசேரியன். விடுமுறை முடிந்து கணவர் மஸ்கட் திரும்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை. போனில் அழுது முடித்து, இந்தக் கர்ப்பம் வேண்டாம், கலைத்துவிடலாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கவே விடவில்லை. “வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம இங்க எடுக்க மாட்டோம்” என்றார் நர்ஸ். வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன். “அப்ப மாமியாரைக் கூட்டிட்டு வா.” கூடவே குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொள்ள வேண்டுமாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என் வயிற்றைப் பார்த்தார்கள்.

அன்றிரவு பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டுக் கருக்கலைப்புச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1971-லேயே வந்த சட்டம். பதினெட்டு வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், அதற்கான தாள் சி படிவம். கணவர் கையெழுத்துக்கு அதில் இடமே கிடையாது. கருத்தடை தவறி உண்டான கர்ப்பத்தையும் காரணமாக ஏற்கிறார்கள். 2021 திருத்தத்தில் அந்த இடத்தில் இருந்த ‘கணவர்’ போய் ‘துணை’ வந்திருக்கிறது.

ரொம்பச் சந்தோஷப்படவும் முடியவில்லை. பெண் கேட்டால் போதும் என்று சட்டம் சொல்லவில்லை. 20 வாரம் வரை ஒரு டாக்டர் சரியென்று சொல்ல வேண்டும். 24 வாரம் வரை, அதுவும் சில பிரிவினருக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள். என் உரிமைக்காக எழுதியதைவிட டாக்டரை வழக்கிலிருந்து காப்பாற்ற எழுதியதாகத்தான் எனக்குப் பட்டது. 2023 அக்டோபரில், 26 வாரம் தாண்டிய கர்ப்பத்தோடு போன இரண்டு குழந்தைகளின் தாய்க்கு உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராதது இயல்புதான் என்று அந்தப் பெண் நினைத்திருந்தாராம். எனக்கு விலக்கு திரும்பியிருந்ததால் நாள் தள்ளிப்போனது தெரிந்தது. வெறும் அதிர்ஷ்டம்.

அத்தையிடம் மறைக்க முடியவில்லை. “பொட்டப்புள்ளன்னு பார்த்துட்டுக் கலைக்கிறியா?” என்றுதான் முதலில் கேட்டார். கோபம் வந்தது. ஆனால் பெண் சிசுக்கொலைக்காக உசிலம்பட்டி பெயர் பத்திரிகைகளில் அடிபட்ட காலத்தில் பிள்ளை பெற்றவர் அவர். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம், 1994-ல் கருவின் பாலினம் பார்க்கத் தடைச் சட்டம். ஸ்கேன் சென்டர் சுவரில் தொங்கும் பலகையைப் பார்த்துப் பார்த்து, கலைப்பதே குற்றம் என்று எங்கள் பக்கம் நிறையப் பேர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சட்டம்.

“இந்த நாள்ல ஆணா பொண்ணான்னு ஸ்கேன்ல தெரியாது அத்தை.”

“தெரியாட்டியும் உசுருதானே?”

அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. “நானும் உசுருதான் அத்தை. வயித்துல போட்ட தையலுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகல” என்றேன். பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

தோழி சொன்ன டாக்டர் வேறு ஊரில் இருந்தார், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. பழைய சிசேரியன் தழும்பில் கரு ஒட்டியிருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தார். ஆறு வாரம் இரண்டு நாள். ஒன்பது வாரத்துக்குள் என்பதால் மாத்திரையே போதும் என்றார். சி படிவத்தை நீட்டினார்.

“என் கணவர் கையெழுத்து?” நானேதான் கேட்டேன்.

“எதுக்கு?”

மிஃபெப்ரிஸ்டோன் ஒன்றை அங்கேயே விழுங்கினேன். இரண்டு நாள் கழித்து வீட்டில் மிசோப்ரோஸ்டால் நான்கு. ஒரு மணி நேரத்தில் இரண்டு பேட் முழுசாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால் உடனே வந்துவிடச் சொல்லியிருந்தார். அந்த அளவுக்குப் போகவில்லை. வலி மட்டும் பிரசவ வலிக்குத் தங்கச்சி. அன்று முழுக்க அத்தை இரண்டு பிள்ளைகளையும் என் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டார். நடுவில் ரசம் சாதம் கொண்டுவந்து வைத்தார், வாய் திறக்கவில்லை. பதினைந்தாம் நாள் ஸ்கேனில் கர்ப்பப்பை சுத்தமாக இருந்தது.

ஏன் மருமகள் வெளியே வருவதில்லை என்று தெருவில் கேட்டவர்களிடம் மஞ்சள்காமாலை என்று சொல்லிவைத்திருக்கிறார் அத்தை. மறுநாளே இரண்டு வீட்டிலிருந்து கீழாநெல்லி வந்தது. அரைத்துக் கொடுத்தார். குடித்தேன்.