கிறிம்ஸ்பிக்குப் பருந்து பார்க்கப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவில் இருப்பவர்கள் வசந்தகால வலசையில் பருந்து பார்க்க விரும்பினால் ஏரியின் அந்தப் பக்கம், கிறிம்ஸ்பிக்குப் போகத்தான் வேண்டும். இலையுதிர் காலத்தில் ஹை பார்க்கில் நின்றாலே தலைக்கு மேலால் போகும். வசந்தத்தில் அங்கே நின்று கழுத்து நோவதுதான் மிச்சம்.

காரணம் ஒன்ராறியோ ஏரி. பெரிய பருந்துகள் சிறகடித்துப் பயணம் செய்வதில்லை. வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு ஏறி, உச்சியிலிருந்து சறுக்கி, அடுத்த சூட்டுக் காற்றைப் பிடிக்கும். ஏப்ரலில் ஏரித் தண்ணீர் விறைக்கும் குளிர். அதன் மேல் சூட்டுக் காற்று எழாது. அதனால் தெற்கிலிருந்து வருபவை கரையைக் கண்டதும் திரும்புகின்றன. நயாகரா ஆற்றுக்குக் கிழக்கே உள்ளவை நியூயோர்க் கரையோரமாக பிராடக் பே, டெர்பி ஹில் வழியாகக் கிழக்கே போகும். நயாகரா தீபகற்பத்துக்குள் வந்தவற்றில் பல மேற்கே திரும்பி, ஹமில்ரனைச் சுற்றிக்கொண்டு வடக்கே ஏறும். அந்தப் பாதையில், மலைவிளிம்பின் மேலேயே இருப்பது கிறிம்ஸ்பியின் பீமர் மெமோரியல் காப்பகம். 1975 முதல் அங்கே மார்ச் 1 தொடங்கி மே 15 வரை தன்னார்வலர்கள் பருந்து எண்ணுகிறார்கள். கியூஇடபிள்யூ நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும்.

பலரும் விடும் முதல் பிழை, லீவு கிடைத்த நாளில் போவது. பருந்துக்குச் சனி ஞாயிறு தெரியாது. மேற்கிலிருந்து தாழமுக்கம் நெருங்கி வர, அதற்கு முன்னால் தெற்கிலிருந்து இளஞ்சூட்டுக் காற்று வீசும் நாள்தான் நாள். அதற்கு முன் இரண்டு மூன்று நாள் மழையோ வடகாற்றோ பறவைகளைத் தெற்கில் தடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது, தேங்கியதெல்லாம் ஒன்றாக வரும். வடகாற்று வீசும் நாளில் நாலு பருந்து பார்த்துவிட்டு இடத்தைக் குறை சொல்லாதீர்கள். மத்தியானத்துக்குப் பிறகு ஏரிக்காற்று உள்ளே வந்தால் பறவைப் பாதையும் தெற்கே தள்ளிப் போகும். அப்போதும் ஏரியையே பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் முதுகுப் பக்கத்தால் கூட்டம் கடந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது திரும்பிப் பாருங்கள்.

மார்ச்சில் வருபவை டேர்க்கி வல்ச்சர் என்ற பிணந்தின்னி, செவ்வால் பருந்து, வெண்தலைக் கழுகு. மாதக் கடைசியில் செந்தோள் பருந்து. ஏப்ரல் நடுவிலிருந்து ஷார்ப்பி என்று எல்லோரும் கூப்பிடும் சின்ன வைரி (பருந்து இனத்துச் சிறு வேட்டைப் பறவை). ஏப்ரல் கடைசி இரண்டு வாரம் ப்ரோட் விங் எனப்படும் அகல்சிறகுப் பருந்து. மத்திய, தென் அமெரிக்காவில் குளிர்காலம் கழித்துவிட்டு வரும் இது, காகம் அளவுதான். ஆனால் நூற்றுக்கணக்கில் ஒரே சுழலில் ஏறும். ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு தெற்குக் காற்று நாளுக்காகக் காத்திருங்கள்.

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மில்லிமீற்றர்) போதும். ஆயிரம் மீற்றர் தூரத்தில் சுமார் 130 மீற்றர் அகலம் தெரியும். 10×42 இல் பார்வை குறுகும், கையும் நடுங்கும். மேகமே இல்லாத நீல வானம் பார்க்க அழகு, பருந்து தேட எதிரி. வெறும் நீலத்தில் கண் பிடிமானமின்றிக் கிட்டத்துக்குக் குவிந்துவிடும். எதிரே பறவை இருந்தாலும் தெரியாது. தூரத்து மரத்திலோ சிறு மேகத்திலோ குவியத்தை வைத்துவிட்டு, அடிவானத்துக்குச் சற்று மேலிருந்து மெதுவாக நகர்த்துங்கள். ஒரு சுற்று முடிந்ததும் பைனாகுலரில் தெரியும் வட்டத்தில் பாதியளவு மேலே ஏற்றி அடுத்த சுற்று. வெறும் கண்ணால் உச்சியைப் பார்ப்பதையும் விடக்கூடாது.

நிறத்தை நம்பாதீர்கள், உருவத்தை நம்புங்கள். சிறகை V போல உயர்த்தித் தள்ளாடினால் வல்ச்சர். பலகை போலத் தட்டையாக நீட்டினால் வெண்தலைக் கழுகு. அதன் தலை வெளுக்க நாலைந்து வருடம் ஆகும், அதனால் கறுத்த இளங்கழுகை எல்லாம் பொன்னாங்கழுகு என்று எழுதிவிட வேண்டாம். செவ்வாலின் குஞ்சுக்கும் வால் சிவப்பில்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை சிறகின் முன்விளிம்பில் ஓடும் கருங்கோடுதான் அடையாளம். ப்ரோட் விங்குக்கு வெளிறிய சிறகைச் சுற்றி மை கீறியது போல ஓரம், வாலில் கறுப்பும் வெள்ளையுமாகத் தடித்த பட்டைகள். ஷார்ப்பியின் தலை வளைந்த சிறகுக்குள் அமுங்கி T போல இருக்கும். இன்னொரு வைரியான கூப்பர்ஸுக்குத் தலை முன்னே நீண்டு சிலுவை போலத் தெரியும். இந்த இரண்டிலும் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்; சந்தேகமென்றால் 'வைரி' என்று மட்டும் எழுதினால் போதும்.

எண்ணுவதுதான் உண்மையில் கஷ்டம். சுழலில் ஏறும் கூட்டத்தைக் 'கெட்டில்' என்பார்கள். அதற்குள் எண்ணத் தொடங்கினால் அதே பறவை மூன்று தடவை சுற்றி வந்து கணக்கைக் கெடுக்கும். பொறுத்திருங்கள். உச்சியை அடைந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து மேற்கே சறுக்கும். ஒரு மரத்துக்கு நேர்மேலே கற்பனைக் கோடு வைத்து, அதைக் கடப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். சிறு வரிசையை ஒவ்வொன்றாக, பெருங்கூட்டத்தைப் பத்துப் பத்தாக. கையில் கிளிக்கர் (அமுக்கி எண்ணும் கருவி) இருந்தால் கண்ணை எடுக்கத் தேவையில்லை. உள்ளூர் வல்ச்சரும் கூடு கட்டிய செவ்வாலும் மலைவிளிம்பில் போய்ப் போய் வரும். கிழக்கே திரும்பியதைக் கழிக்காவிட்டால் பின்னேரத்துக்குள் நாற்பது பொய்ப் பறவை சேர்ந்துவிடும்.

இன்னொன்று: மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறோம், பருந்துக் கணக்குப் பதிவேடு தள்ளுவதில்லை. உங்கள் கையில் பதினொன்று என்றால் பதிவில் பத்து. இதைக் கவனிக்காமல் எழுதிய மணிக்கணக்கை மற்ற வருடத்தோடு ஒப்பிட முடியாது.

அசையாமல் நிற்பதால் நகரத்தைவிடக் குளிரும். ஒரு உடுப்புக் கூடுதலாகவும் மடிப்புக் கதிரையும் கொண்டுபோங்கள். மே மாதம் என்றால் காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விடுங்கள், புல்லில் உண்ணி இருக்கும். அதற்குள் ப்ரோட் விங் கூட்டம் ஓய்ந்திருக்கும். கிளம்ப அவசரப்படாதீர்கள்: காலையில் நீலநிற ஜே பறவைகள் மரத்தலை உயரத்தில் சத்தமே இல்லாமல், ஐம்பது நூறென்று, அதே மேற்குத் திசையில் ஓடிக்கொண்டிருக்கும்.